ஒரு கோழிக்கு 1.7 வினாடி

சாப்பிட்டுக்கிட்டே கேக்கறவங்க இந்த எபிசோடை மட்டும் கொஞ்சம் கழிச்சுக் கேளுங்க.

அமெரிக்காவுல 1957-ல ஒரு சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போற கோழிக்கறியை அரசாங்க இன்ஸ்பெக்டர் பாத்தாகணும். சாம்பிள் எடுத்து இல்ல, ஒவ்வொரு கோழியையும்.

சரி, ரெண்டு இன்ஸ்பெக்டர் ஒரே கோழியைப் பாத்து ஒரே முடிவுக்கு வரணுமே, அது எப்படி? அந்த விதிகளைப் படிச்சப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சது வெளிச்சம் பத்தின பகுதிதான். இன்ஸ்பெக்டர் பாக்கற இடத்துல நிழல் விழாம குறைஞ்சது 200 ஃபுட்-கேண்டில், அதாவது சுமார் 2,150 லக்ஸ் வெளிச்சம் வேணும். பல்பு நிறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டணும்னு கூட ஒரு அளவு இருக்கு. மங்கலான மஞ்சள் பல்புல, கன்னிப்போன சதை எது, நல்ல சதை எதுன்னு எப்படிச் சொல்றது?

எதுக்காக ஒதுக்கணும்னும் எழுதி வெச்சிருக்காங்க: ரத்தத்துல நோய் பரவியிருந்தா, காத்துப்பை அழற்சி, கட்டி, சரியா ரத்தம் வடியாம செத்தது. சில்லருக்குள்ள போறதுக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியற எச்சம் துளி கூட ஒட்டியிருக்கக் கூடாது.

இப்போ வேகத்துக்கு வருவோம். பழைய முறை ஒண்ணுல ஒரு இன்ஸ்பெக்டருக்கு நிமிஷத்துக்கு 35 கோழி. கணக்குப் போட்டா ஒரு கோழிக்கு 1.7 வினாடி. 2014-ல புது முறை வந்தது, விரும்பற கம்பெனி சேரலாம். கம்பெனி ஆளுங்களே முதல்ல தரம் பிரிப்பாங்க, லைன் கடைசியில ஒரே ஒரு அரசு இன்ஸ்பெக்டர். வேகம் நிமிஷத்துக்கு 140 வரைக்கும். முதல்ல 175-ன்னு முன்மொழிஞ்சு, எதிர்ப்புக்கு அப்புறம்தான் 140 ஆச்சு. ஒரு கோழிக்கு 0.43 வினாடி. கண் சிமிட்டினா ஒண்ணு போயிடும்!

வேளாண் துறையோட வாதம் இதுதான்: ஆளை நோயாளி ஆக்கற சால்மொனெல்லா கண்ணுக்கே தெரியாது, அதனால இன்ஸ்பெக்டரை லைன்ல நிக்க வைக்கறதை விட, சுத்தத்தைச் சோதிக்கவும் சாம்பிள் எடுக்கவும் அனுப்பலாம். பாதி நியாயம். இண்டென்டேஷன் மட்டும் பாக்கற கோட் ரிவ்யூ எத்தனை பக்கைப் பிடிக்கும்? ஆனா தரம் பிரிக்கற கம்பெனி ஆளுக்கு இன்ன பயிற்சி கட்டாயம்னு விதி வைக்கல, வழிகாட்டிதான் கொடுத்தாங்க. வேகத்துக்கு நம்பர் இருக்கு, பாக்கறவங்க திறமைக்கு இல்ல. எனக்கு உறுத்தறது அதுதான்.

அந்தச் சாம்பிள்ல சால்மொனெல்லா இருந்தா? 1994-ல அரைச்ச மாட்டுக்கறியில ஒரு வகை ஈ-கோலை இருந்தா விக்கவே கூடாதுன்னு அறிவிச்சாங்க. பச்சைக் கோழிக்கறிக்குப் பொதுவா அப்படி ஒரு தடை இல்ல. ஆலையோட ரிசல்ட் மோசமா இருந்தா ‘மூணாவது பிரிவு’ன்னு வெளியிடுவாங்க, கறி கடைக்குப் போகும். ஆபத்தான சில வகைகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல இருந்தா விக்கக் கூடாதுன்னு 2024-ல ஒரு வரைவு வந்தது. ஏப்ரல் 2025-ல அதைத் திரும்பப் பெற்றுட்டாங்க.

அதனால பொறுப்பு சமையல்காரங்க தலையில. கறியோட நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொடணும்னு அங்க சொல்றாங்க. பச்சைக் கோழியைக் கழுவாதீங்க, தெறிக்கற தண்ணியில கிருமி சிங்க் முழுக்கப் பரவும்னும் சொல்றாங்க. எங்கம்மாகிட்ட இதைச் சொன்னேன். மஞ்சத்தூளை எடுத்துக் கொடுன்னாங்க.