கிளி கோபுரமும் 1964-ம் ஆண்டும்

திருவண்ணாமலைக் கோயிலில் கிளி கோபுரத்தைக் கடக்கும்போது சற்று அண்ணாந்து பாருங்கள், நேயர்களே. திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர், கிளியின் உடலுக்குள் புகுந்து இங்கே அமர்ந்தார் என்பது ஊர் சொல்லும் கதை. விக்கிரமாதித்தன் கதைகளின் கூடுவிட்டுக் கூடு பாயும் மாயம் இதிலும் உண்டு.

1964-ல் வெளியான 'அருணகிரிநாதர்' படத்தில் அவராகவே நடித்துப் பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன். நடிப்பைவிடக் குரல்தான் அங்கே நாயகன். திருப்புகழின் வேகத் தாளத்தை அவர் பிசிறில்லாமல் பாடுவதற்காகவே எத்தனை முறையும் பார்க்கலாம்.

அதே ஆண்டில்தான் 'நவராத்திரி' படத்தில் சிவாஜிக்கு ஒன்பது வேடங்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லிப் பாலையாவை நடுங்க வைத்ததும் அப்போதுதான். தமிழ் நகைச்சுவையில் அதற்கு மேல் ஒரு காட்சி எனக்குத் தெரியவில்லை. சொல்பவரைவிட, பயந்து ஒடுங்கும் பாலையாவின் முகம்தான் அதில் பாதிச் சிரிப்பு!