பனிக்காலத்தில் மனம் கனக்கும்போது

நவம்பர் முதல் ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே வைத்துவிட்ட சில வாரங்களில், எமது வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் தமிழ் முதியோரின் முறைப்பாடுகள் மெல்ல மாறத் தொடங்குகின்றன. முழங்கால் நோவையும் நீரிழிவையும் பற்றிப் பேசி வந்தவர்கள், "உடம்பு ஏலாது", "நெஞ்சுக்குள்ள ஒரு பாரம்" என்கிறார்கள். கவலையா என்று கேட்டால், "எனக்கென்ன கவலை? பிள்ளையள் நல்லாத்தான் பாக்கினம்" என்று மறுமொழி வருகிறது. கூட வந்த மகளோ, "மத்தியானம் மட்டும் படுக்கையிலதான் கிடக்கிறா. ஒருத்தரோடயும் கதைக்கிறா இல்லை" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையே. இம்மனச்சோர்வு வருவதற்குக் கவலை என்று ஒன்று இருந்தாக வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணித்தியால வேறுபாடே உண்டு. ரொறொன்ரோவிலோ யூன் மாதத்தில் ஏறத்தாழ 15½ மணித்தியாலம் நீளும் பகல், டிசெம்பர் 21 அளவில் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. ஊரில் மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் எழுந்து கோயிலுக்குப் போனவர்களுக்கு, இங்கே அதே மாதத்தில் சூரியன் எழுவதற்கே காலை 7.45 மணி தாண்டிவிடுகிறது; மாலை ஐந்து மணிக்கு முன்னரே அது மறைந்தும் விடுகிறது.

எமது விழித்திரையில், உருவங்களைக் காண்பதற்கென்று அல்லாமல் வெளிச்சத்தின் அளவை அறிவதற்கென்றே சில நரம்புக்கலங்கள் உள்ளன. அவை மூளையின் அடிப்பகுதியிலுள்ள உடற்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. காலை வெளிச்சம் போதாதபோது அக்கடிகாரம் பின்தங்கி, உடல் எழுந்த பின்பும் உறக்கத்தின் பிடியிலேயே இருக்கிறது என்பது வைத்திய உலகம் கூறும் விளக்கங்களுள் ஒன்று. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நோர்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் இந்நிலையைத் தனியாக விவரித்து, பருவகால மனச்சோர்வு என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

இதன் அடையாளங்களே குடும்பத்தினரைத் திசைதிருப்பிவிடுகின்றன. மனச்சோர்வு என்றால் தூக்கமும் பசியும் போய்விடும் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். பனிக்காலச் சோர்வில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. தூக்கம் கூடுகிறது, சோறு, பாண், இனிப்பு ஆகியவற்றின் மேல் நாட்டம் மிகுகிறது, உடல் எடை ஏறுகிறது, கைகால் ஈயம்போலக் கனக்கிறது. நன்றாக உண்டு நன்றாக உறங்கும் ஒருவரை நோயாளி என்று யார் நினைப்பார்? 'சோம்பல்' என்ற சொல் வீட்டுக்குள் நுழைவது இங்கேதான். நாற்பது வருடம் விடிகாலையில் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய், எழுபது வயதில் திடீரென்று சோம்பேறியாகிவிடுவதில்லை. எனினும் அச்சொல்லை இரண்டு முறை கேட்டபின் அவர் தாமே அதை நம்பத் தொடங்கிவிடுகிறார். அதன்பின் எம்மிடமும் வாய் திறப்பதில்லை. நீரிழிவு உள்ளவர்களின் குருதிச் சீனி குளிர்காலத்தில் ஏறினால், உணவைப் பற்றி மட்டுமன்றி, தூக்கத்தையும் மனநிலையையும் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஒளியை லக்ஸ் என்னும் அலகால் அளப்பர். விளக்கெரியும் வரவேற்பறையில் பொதுவாகச் சில நூறு லக்ஸுக்கு மேல் இராது. முகில் மூடிய பனிக்காலப் பகலிலும் வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே நண்பகலுக்கு முன் அரை மணித்தியாலம் வெளியே நடப்பது, எளிதென்று தள்ளிவிடக்கூடிய ஆலோசனை அன்று. வழுக்கி விழும் அச்சம் நியாயமானது. பனி உறைந்த நாட்களில் யன்னலோரமே போதும். ஆனால் வீட்டின் வெப்பம் போய்விடும் என்று தடித்த திரைச்சீலையை மார்ச் வரை மூடிவைக்கும் வீடுகள் எம்மிடையே பல. தைப்பொங்கலன்று சூரியனுக்குப் படைப்பதற்காக விலகும் திரை, மறுநாள் மீண்டும் மூடிக்கொள்கிறது. பேஸ்மென்டில் குடியிருக்கும் பெற்றோருக்கு அந்த யன்னலும் இல்லை. காலை உணவையாவது அவர்கள் மேல்மாடியில், கிழக்கு அல்லது தெற்கு யன்னலருகே உண்ண வழிசெய்யுங்கள்.

இவை போதாதவர்களுக்கு ஒளிச்சிகிச்சை உண்டு. 10,000 லக்ஸ் தரும் விளக்குப் பெட்டியின் முன், எழுந்து ஒரு மணித்தியாலத்துக்குள், அரை மணித்தியாலம் அமர்வதே வழமையான முறை. விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. அது சற்றுப் பக்கவாட்டில் இருக்க, தேநீர் அருந்தலாம், பத்திரிகை வாசிக்கலாம். புறஊதாக் கதிர்களை வடிகட்டும் விளக்காக இருக்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் 10,000 லக்ஸ் கிடைக்கும் என்பதை வாங்குமுன் பாருங்கள். சில சிறு விளக்குகள் முகத்துக்கு மிக அருகில் வைத்தால் மட்டுமே அவ்வளவு தருகின்றன. மாலையில் பயன்படுத்தினால் இரவுத் தூக்கம் கெடும். 2006இல் வெளியான கனேடிய ஆய்வொன்றில் 96 நோயாளர் பங்குபற்றினர். எட்டு வாரங்களின் பின், விளக்கைப் பெற்ற பிரிவினரிலும் மனச்சோர்வு மாத்திரையைப் பெற்ற பிரிவினரிலும் ஒரே அளவாக 67 வீதத்தினர் நன்கு தேறியிருந்தனர்.

விளக்குத்தானே என்று எவரும் தாமாகத் தொடங்கிவிடக் கூடாது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் வேறு கண்நோய் உள்ளவர்களும் முதலில் கண் வைத்தியரைக் கேட்க வேண்டும். சில மருந்துகள் ஒளிக்கூச்சத்தைக் கூட்டுவதால் மருந்துப் பட்டியலையும் காட்டுங்கள். மிகையான உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய் உள்ளவர்களுக்கு இவ்விளக்கு உற்சாகத்தை ஆபத்தான அளவுக்குத் தூண்டிவிடலாம். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் இதே சோர்வைத் தரக்கூடியவை. அதனால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். விற்றமின் டி எலும்புக்கு அவசியமே. அதை விளக்குக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

பராமரிப்போருக்கு ஒரு சொல். "எழும்புங்கோ, சும்மா கிடவாதேங்கோ" என்பதைவிட, தேநீரை யன்னலருகே வைத்து "வாங்கோ அம்மா, ரெண்டு பேரும் குடிப்பம்" என்பது கூடுதலாகப் பலிப்பதை நாம் கண்டிருக்கிறோம். உங்களையும் கவனியுங்கள். இருளில் வேலைக்குப் போய், யன்னலில்லாத தொழிற்சாலையில் நின்று, இருளில் திரும்பும் மகனுக்கும் இதே சோர்வு வரும். அவரை எம்மிடம் அழைத்துவர எவரும் இருப்பதில்லை.

எல்லாப் பாரமும் வெளிச்சக் குறைவால் வருவதன்று. நவம்பர் மாதம் எம்மவருள் பலருக்குப் போரில் இழந்தவர்களின் நினைவோடு வருகிறது. அந்தத் துயருக்கு விளக்கு மருந்தாகாது. அதைக் கேட்க ஒரு மனிதர் வேண்டும். பனிக்காலச் சோர்வுக்கென்றே அமைந்த உளவியல் சிகிச்சையும் உண்டு. வெர்மொன்ற் பல்கலைக்கழக ஆய்வொன்றில், இரண்டாவது குளிர்காலத்தில் நோய் மீண்டவர்கள், விளக்கைப் பெற்றவர்களைவிட இச்சிகிச்சை பெற்றவர்களிடையே குறைவாக இருந்தனர். மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் நேரம் குறிக்கும்போதே கேளுங்கள்.

"இனி இருந்து என்ன", "உங்களுக்குப் பாரமா இருக்கிறன்" என்ற பேச்சு வருமானால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. கனடா முழுவதும் 9-8-8 என்னும் இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்தெனில் 9-1-1.

விளக்கால் பயனடைகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மாற்றம் தெரியும். தெரிந்ததும் நிறுத்திவிடாமல் இளவேனில்வரை தொடருங்கள். மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதை விடக் கூடாது. கோடையில் விளக்கை அலுமாரியின் அடியில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் அதிகம். செப்டெம்பர் இறுதியில் அதை வெளியே எடுத்து, எரிகிறதா என்று பார்த்து வையுங்கள்.