நாவின் சொல்லும் நெஞ்சின் நினைவும்

ஆணும் பெண்ணும் சமமா என்று நம் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும், சமமே என்ற மறுமொழி தயங்காமல் வரும். ஆயினும் செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைகளில் ஷிப்டு முடித்து, கம்பெனிப் பேருந்தில் களைத்து வந்திறங்கும் பெண்ணிடம், "இன்னும் உலை வைக்கவில்லையா?" என்று வினவுவதும் அதே நாவன்றோ!

நேரே கேட்டால் நெஞ்சம் திறவாது என்பதை மனோதத்துவ அறிஞர்கள் அறிவர். ஆகவே 1998-இல் அமெரிக்க அறிஞர் ஆந்தனி கிரீன்வால்டும் அவர்தம் துணைவரும் ஒரு மறைமுகச் சோதனையை வெளியிட்டனர். அதனை ஆண், பெண் கடமைகளுக்குப் பயன்படுத்தும்போது, பெண்பெயரோ வீட்டுவேலையோ வந்தால் ஒரு பொத்தானையும், ஆண்பெயரோ தலைமைப்பணியோ வந்தால் மற்றொன்றையும் விரைந்து அழுத்தவேண்டும். பின்னர் பெண்பெயருடன் தலைமைப்பணியும், ஆண்பெயருடன் வீட்டுவேலையும் சேர்க்கப்படும். அப்போது கை தாமதிக்கும் அளவைக்கொண்டு பழைய எண்ணத்தின் பிடியைக் கணிப்பர். தனியொருவரின் உள்ளத்தைத் தீர்ப்பிட இச்சோதனை போதாது. மக்கள்கூட்டத்தின் போக்கை அறியவே உதவும்.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் எஸ்தர் டூஃப்ளோ, ரோகிணி பாண்டே முதலிய பொருளியல் அறிஞர்கள் இம்முறையைக் கையாண்டு, 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஊராட்சித் தலைவர் உரை ஒன்றினை ஆண்குரலிலும் பெண்குரலிலும் பதிந்து, ஒருவருக்கு ஒரு குரலையே கேட்பித்தனர். இடஒதுக்கீட்டால் பெண் தலைவரைக் கண்டிராத ஊர்களில் ஆடவர் பெண்குரலுக்குக் குறைந்த மதிப்பளித்தனர். கண்டிருந்த ஊர்களில் அவ்வேற்றுமை மறைந்தது. பெண்ணையும் அடுக்களையையும் பிணைக்கும் எண்ணமும் ஆடவரிடம் தளர்ந்தது. ஆண் தலைவரையே விரும்பும் மனம் மட்டும் எளிதில் மாறவில்லை.

இறைமக்களே, இது நமக்குப் புதிதன்று. ஆண்டவர் உயிர்த்தார் என்ற செய்தியை மகதலா மரியாவும் பிற பெண்களும் கொணர்ந்தபோது, திருத்தூதர்கள் அதனை வீண்பேச்சாகக் கருதினர் என்று புனித லூக்கா எழுதிவைத்துள்ளார். செய்தி மெய்யானது, கேட்ட செவிதான் தடுமாறியது. அதே மரியாவின் நினைவுநாளை 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருவிழாவாக உயர்த்தினார்.

பெற்றோரே, பீர்பூம் ஊர்களில் எண்ணத்தை மாற்றியது கண்ணாரக் கண்ட காட்சியே. எனவே தந்தை உலை வைப்பதை மகன் காணட்டும். குடும்பக் கணக்கைத் தாய் எழுதுவதை மகள் காணட்டும். பங்குப்பேரவையில் பெண்ணொருத்தி எழுந்து பேசுகையில், அவர் சொல்லி முடிக்கும்வரை நாம் பொறுமையுடன் செவிசாய்ப்போம்.