கீறல் தோலிலா, எலும்பிலா?

புது கார்பன் சைக்கிளின் பெட்டியைப் பிரித்ததும் சட்டத்தில் மயிரிழை போல ஒரு கோடு. மனம் பதறத்தான் செய்யும். அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது?

சுமார் 5 முதல் 7 மைக்ரான் தடிமனுள்ள கார்பன் இழைகளை எபாக்சி பிசினோடு அடுக்கடுக்காக அச்சில் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கியதே அந்தச் சட்டம். பாரத்தைத் தாங்குபவை இழைகள். பெயின்ட்டும் வார்னிஷும் மேல்போர்வை. அச்சில் காற்று சிக்கினால் பிசினில் ஊசித்துளைகள் விழும். மேலோட்டமாக இருக்கும்வரை அவை அழகுக் குறைதான்.

இரும்பு அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பனோ உள்ளே அடுக்குகள் பிரிந்தும் வெளியே பழையபடி நிமிர்ந்து நிற்கும். இதுதான் எனக்குக் கவலை தருவது. கோட்டின் குறுக்கே விரல்நகத்தால் வருடுங்கள்; சிக்கினால் கவனம் தேவை. பிறகு நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்னும், அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். விமானப் பாகங்களையும் இப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு. சுவரின் தடிமன் மாறினாலும் ஒலி மாறும். ஆகவே மறுபக்கத்தில் அதே இடத்தையும் தட்டி ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஓட்டாமல், கார்பன் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

வார்னிஷ் மட்டும் பெயர்ந்திருந்தாலும் பூசி மூடவேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் எபாக்சியை மெல்லச் சிதைக்கும். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்துவிடாதீர்கள், இழை அறுந்துவிடும். எதுவானாலும், முதலில் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.