உஷார்! உங்கள் வீட்டிலும் ஒரேயொரு அடிமட்டம்தானா?

ஏ.எல். ரிசல்ட்ஸ் வந்த கிழமை வெள்ளவத்தையில் ஏதாவதொரு பிளாட்டின் படிக்கட்டடியில் நின்று பாருங்கள். லிஃப்ட் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனாலும் ஆறாம் மாடிப் பிள்ளை மூச்சிரைக்கப் படியால் ஏறும். லிஃப்டுக்குள் ஓர் அன்ரி நிற்பா, "பிள்ளை, எத்தினை ஏ?" என்று கேட்பா. கொட்டாஞ்சேனையில் இந்தக் கேள்விக்கு லிஃப்டும் தேவையில்லை. ஜம்பட்டா வீதிக் கடை வாசலிலேயே வந்து மறிக்கும்: "என்னா மகன், கெம்பஸ் கெடச்சிருச்சா?"

படியால் ஏறுகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கவனியுங்கள். பெயில் விட்ட பிள்ளையை நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைச் சுற்றி எப்படியும் நாலு பேர் நிற்பார்கள். எனக்குப் பயம் வேறொரு பிள்ளையை நினைத்து. முதல் ஷையில் மூன்று எஸ். இரண்டாம் ஷையில் இரண்டு பி, ஒரு சி. ஒரு வருடத்துக்குள் இவ்வளவு ஏறியிருக்கிறது. ஆனால் கட்-ஓஃப் தாண்டவில்லை. ஆகவே வீட்டுக் கணக்கில் இரண்டு முறையும் ஒன்றுதான்: "கிடைக்கேல்லை." பிள்ளையும் அதையே நம்பிவிடுகிறது. கம்பஸுக்கு மூன்று ஷைதான். இனி மிச்சம் ஒன்று. ஏறி வந்த தூரம் தெரியாமல், இன்னும் அடியிலேயே நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கடைசி முறைக்குப் போகிறது.

இதில் பெரிய கள்ளன் இசட் ஸ்கோர். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அது என்ன செய்கிறது என்பதைப் பெற்றோரில் பாதிப் பேர் யோசித்ததே இல்லை என்பதால் சொல்கிறேன். பேராதனைப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டிலின் பரிந்துரையில் 2001இல் வந்த முறை அது. பிள்ளையின் புள்ளியில் இருந்து அந்தப் பாடம் எழுதினவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்துச் சராசரி கண்டு, நாலு தசமதானத்தில் அறிவிப்பார்கள். வேறு வேறு பாடம் எடுத்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்த இது நியாயமான வழிதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போன வருடம் பிள்ளைக்கு 50, எல்லோருடைய சராசரி 45. இந்த வருடம் பிள்ளைக்கு 65, சராசரி 60. விலகல் மாறாவிட்டால் இசட் ஸ்கோர் அச்சொட்டாக அதே இலக்கம். பதினைந்து புள்ளிக்கு உழைத்த உழைப்பு அதில் ஓர் இடத்திலும் தெரியாது. கியூவில் எத்தனையாவது ஆள் என்று சொல்லும் சாமானை வைத்து, பிள்ளை எத்தனை அங்குலம் வளர்ந்தது என்று அளந்துகொண்டிருக்கிறோம்.

அதுவும் எந்தக் கியூ? அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பில் எழுதி மெடிசின் தவறவிட்ட அதே ஸ்கோருக்கு வேறொரு மாவட்டத்தில் வெள்ளைக் கோட் கிடைக்கும். வசதி குறைந்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்தக் கை கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விலாசத்தைப் பொறுத்து 'கெட்டிக்காரன்', 'சரிவராதவன்' என்று மாறும் ஒரு சொல்லை நம்பி, சாப்பாட்டு மேசையில் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

2011ஐ மறந்துவிட்டோமா? அந்த வருடம் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் இரண்டிலும் எழுதினவர்களைச் சேர்த்து ஒரே கணக்காக இசட் ஸ்கோர் போட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் நீதிமன்றம் அந்தக் கணக்கை இரத்துச் செய்து, இரு தொகுதியாகப் பிரித்துத் திரும்பப் போடச் சொன்னது. ஒரு பிள்ளையும் புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை. விடைத்தாள் அதே விடைத்தாள். இலக்கம் மட்டும் மாறியது. இடையில் கழிந்த மாதங்களில் எத்தனை வீட்டில் "நீ உருப்பட மாட்டாய்" என்று சொல்லியிருப்பார்கள்! அதை ஒரு நீதிமன்றத்தாலும் இரத்துச் செய்ய முடியாது.

எங்கள் வீடுகளில் பிள்ளைகளை உசுப்பேற்ற இன்னொரு கதையும் உண்டு: ஆழிக்குமரன் ஆனந்தன். வல்வெட்டித்துறை மனிதர், 1971இல் பாக்கு நீரிணையை இந்தியாவுக்கும் திரும்ப இலங்கைக்குமாக 51 மணி நேரத்தில் நீந்தினவர். சட்டமும் படித்தவர். 1979 மே மாதம் விகாரமகாதேவி பூங்காவில் 187 மணி 28 நிமிடம் இறங்காமல் சைக்கிள் ஓடினார். 1980இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். மாமாமார் இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "பார், மனம் வைச்சால் முடியும்" என்பார்கள். மிச்சக் கதையைச் சொல்வதில்லை. அந்த ஒற்றைக் கால் சாதனை இரண்டே வருடம்தான் நின்றது. 1982இல் தமிழ்நாட்டுச் சத்தியமங்கலத்தில் ஒருவர் 34 மணி நேரம் நின்றுவிட்டார். கின்னஸ் புத்தகத்தில் பெயர் மாறியது. அதற்காக ஆனந்தன் நின்ற 33 மணியில் ஒரு நிமிடமாவது குறைந்ததா? 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிரை விட்டார். அந்த மனிதரை எடைபோட எனக்கு அருகதை இல்லை. கதை சொல்கிறவர்கள் முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இலக்கைக் குறைக்கச் சொல்லவில்லை. மெடிசின் வேண்டுமென்றால் மெடிசினுக்கே படிக்கட்டும். சீமா சோதனை எழுதுகிற பெரியவர்களுக்கும், ஐ.ஈ.எல்.ரி.எஸ். அரைப் புள்ளிக்காக நாலாம் முறை காசு கட்டுகிறவர்களுக்கும் இதேதான். இலக்கு எவ்வளவு பெரிதோ, வழியில் அவ்வளவு மைல்கல் வேண்டும். இல்லாவிட்டால் ஆள் நடுவழியில் இருந்துவிடும்.

பிள்ளை அப்படி இருந்துவிட்டதென்று எப்படித் தெரியும்? எதைக் கேட்டாலும் "ரிசல்ட்ஸ் வரட்டும், பிறகு பாப்பம்" என்கிற பதில் பழகிப்போகும். மிருதங்கம் உறையை விட்டு வெளியில் வராது. சித்தி வீட்டுக் கலியாணத்தன்று தலையிடி வரும். ரியூசனில் திருத்திக் கொடுத்த பேப்பரைப் புள்ளி பார்த்ததும் மடித்துவிடும். எந்தக் கணக்கில் பிழைத்தது என்று பார்க்காது. எனக்கு மற்றவற்றைவிட இந்தக் கடைசிதான் பயம். தன் பிழையில் ஆர்வம் போய்விட்டது என்றால், படிப்பு உள்ளே நின்றுவிட்டது. வகுப்புக்குப் போய்வருவது மட்டும் நடக்கிறது. "நான் இருந்து என்னத்துக்கு" என்ற மாதிரி ஒரு சொல் வாயில் வந்தால் சோதிடரையும் தேடாதீர்கள், இன்னொரு ரியூசன் மாஸ்டரையும் தேடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். மனம் விட்டுப் பேசச் சுமித்ரயோ அமைப்பும் இருக்கிறது.

அந்த நிலைக்குப் போகாத பிள்ளையோடு செய்யக்கூடியது சின்ன வேலை. முதல் ஷைக்கு முன் செய்த பாஸ்ட் பேப்பரையும் போன மாதம் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அப்ப எந்த இடத்திலை நிண்டனீ?" என்று கேளுங்கள். புள்ளியைக் கேட்காதீர்கள். பிள்ளைதான் காட்ட வேண்டும். நீங்கள் பாராட்டு மழை பொழிந்தால் அதுவும் பொய்யென்று கண்டுபிடித்துவிடும்.

நான் தேர்ட் ஷை எழுதினவன், மெத்ஸ். இணைந்த கணிதத்தில் பார்ட் பி ஏழு கணக்கில் ஐந்து செய்ய வேண்டும். முதல் முறை ஒன்றரைதான் செய்தேன்; மிச்ச நேரம் மண்டபத்து மின்விசிறியை எண்ணினேன். மூன்றாம் முறை ஐந்தும் செய்தேன், ஒன்றில் கடைசி வரி மட்டும் பிழை. கட்-ஓஃப் அப்போதும் தாண்டவில்லை. ரிசல்ட்ஸ் வந்த மறுநாள் மூன்று வருடக் கொப்பிகளையும் கட்டி, ஒழுங்கைக்குள் வந்த போத்தல்-பத்தரக்காரரிடம் போட்டேன். கிலோக் கணக்கில் நிறுத்துக் காசு தந்தார். பிறகு வேலைக்குப் போய், ஒரு கணக்கில் நாள் முழுக்க முட்டி மோதி விடை கண்டபோதுதான் இந்தப் பொறுமை எப்போது வந்தது என்று தேடினேன். காட்டுவதற்குக் கையில் ஒரு தாளும் இல்லை.

அந்தப் போத்தல்-பத்தரக்காரர் இந்தக் கிழமையும் உங்கள் ஒழுங்கைக்குள் வருவார். குரல் கேட்டதும் கீழே ஓடாமல், அலுமாரிக்கு மேலே பிள்ளை என்ன கட்டி வைத்திருக்கிறது என்று முதலில் ஏறிப் பாருங்கள்.