மண்ணோடு மண்ணாகாது

பழைய வீட்டை இடிக்கும்போது முதலில் வெளியேறுபவை விலைபோகும் பொருள்கள். தேக்குக் கதவு, ஜன்னல், இரும்புக் கம்பி, மின்கம்பி எல்லாம் இடிப்பு ஒப்பந்தக்காரரின் வரவுக் கணக்கில் சேரும். உடையாத செங்கல்லுக்கும் ஆள் உண்டு. இவையெல்லாம் போன பிறகு மனையில் மிஞ்சுவதைத்தான் சென்னையில் ‘ரப்பிஷ்’ என்கிறார்கள். உடைந்த கான்கிரீட், பூச்சுத் தூள், டைல்ஸ் சில்லு, பெயின்ட் உரிந்த சுவர்க்கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, பி.வி.சி. பைப், சிமென்ட் சாக்கு எல்லாம் அதில் கலந்திருக்கும். வாங்க ஆளில்லாத இந்தச் சுமை டிப்பர் லாரியில் ஏறி, ஏரிக்கரை, கால்வாய் ஓரம், கழிமுகம், கடற்கரை என்று கேட்பாரற்ற இடமாகப் பார்த்து இறங்குகிறது. கொட்டுகிறவர்களின் நியாயம் எளிது: கல்லும் மணலும் கலந்து கட்டியதுதானே, மண்ணோடு மண்ணாகிவிடும். சாக்கடைபோல இது நாறுவதில்லை. ஆலைக் கழிவுபோலத் தண்ணீரின் நிறத்தை மாற்றுவதில்லை. அதனாலேயே பார்ப்பவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், கடலோரத்தில் விழும் இடிபாடு மணலாக மாறுவதில்லை. அதில் கனமானது அசையாமல் நின்று கெடுக்கிறது; நுண்ணியது கலைந்து ஓடிக் கெடுக்கிறது. இரண்டையும் தனித்தனியே பார்த்தால்தான் சேதத்தின் அளவு புரியும்.

முதலில் கனமானது. கடற்கரையைக் காலி மனைபோலப் பார்க்கப் பழகிவிட்டோம். உண்மையில் கரை மணல் ஓரிடத்தில் தங்குவதே கிடையாது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால் மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. முதல் பருவம் நீண்டது என்பதால் ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். இந்த ஓட்டத்தை மறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கி, வர வேண்டிய மணல் வராமல் கரை தேய்ந்தது. நாலு லாரி ரப்பிஷ் துறைமுகம் ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனால், வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டிக் குவித்த மேடு, எந்தப் பொறியாளரும் கணக்குப் போடாத ஒரு சிறு தடுப்பணை. தான் நிற்கும் இடத்தில் கொஞ்சம் மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்த குப்பத்தின் கரையைப் பட்டினி போடுகிறது.

ஓர் அலை கரையேறித் திரும்புவதைக் கவனித்தால் இன்னொரு நுட்பம் தெரியும். மேலே ஏறி வந்த தண்ணீர் முழுவதும் திரும்பிப் போவதில்லை. ஒரு பகுதி மணலுக்குள் இறங்கிவிடுகிறது. நுரை மட்டும் மேலே நின்று சின்னச் சின்னக் குமிழிகளாக உடைவதைக் காணலாம். அதனால் திரும்பும் நீருக்கு ஏறி வந்தபோது இருந்த வேகம் இருப்பதில்லை. கொண்டுவந்த மணலில் கொஞ்சத்தைக் கரையிலேயே விட்டுப் போகிறது. கரை வளர்வது இப்படித்தான். மணல் பரல்களுக்கு இடையே உள்ள துளைகளில் செங்கல் பொடியும் சிமென்ட் தூளும் களிமண்ணும் அடைந்துகொண்டால் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. வந்த நீர் அப்படியே வழிந்து, மணலை வாரிக்கொண்டு போகிறது. கான்கிரீட் துண்டின் செங்குத்தான முகத்தில் மோதும் அலையோ அடித்துத் திரும்பி, அதன் காலடி மணலைத் தோண்டுகிறது. கரையைக் காப்பாற்றுவதுபோலத் தோன்றும் கல் கரையைக் கரைக்கும் விதம் இதுதான். தேசியக் கடலோர ஆய்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1990 முதலான மாற்றங்களை அளந்ததில், இந்தியக் கடற்கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரிந்தது. தமிழகத்தில் அந்த அளவு ஐந்தில் இரண்டு பங்கு. இதற்கெல்லாம் ரப்பிஷ்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. துறைமுகங்களும், அணைகளும், ஆற்று மணல் கொள்ளையும் பெரிய காரணங்கள். ஏற்கெனவே மெலிந்த கரையின் மீது இந்தச் சுமையும் ஏறுகிறது என்பதே கவலை.

அடுத்து, ஓடுகிற பகுதி. ஒரு லோடு ரப்பிஷில் கட்டிகளே கண்ணில் படும். ஊறு செய்வது தூள். அலையில் கலைந்த தூள், மாவு கரைத்த தண்ணீர்போல நாள்கணக்கில் மிதக்கும். வெளிச்சம் கீழே இறங்காததால் கடற்புல்லும் பாசியும் நலிகின்றன. தண்ணீரை வடிகட்டி உண்ணும் ஆளி, மட்டி போன்றவை உணவோடு தூளையும் விழுங்குகின்றன. மீன் குஞ்சுகளின் செவுள்களில் படிகிறது. பவளப் பாறை இருக்கும் இடமென்றால், மேலே விழும் படிவைத் தள்ளுவதிலேயே பவள உயிரின் சக்தி தீர்ந்துபோகும். வேதியியலும் இங்கே குறுக்கே வருகிறது. சிமென்ட் தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு, உண்டாகிறது. கான்கிரீட்டின் துளைகளுக்குள் இருக்கும் நீரின் காரத்தன்மை பி.எச். 12க்கும் மேல், கடல் நீருக்கோ சுமார் 8.1. பி.எச். அளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு. விரிந்த கடல் இந்தச் சுண்ணாம்பை எளிதில் நீர்க்கச் செய்துவிடும். பெரிய கட்டிகளின் மேல் கடல் நீரிலுள்ள மக்னீசியம் ஒரு தோலாகப் படிந்து கசிவையும் குறைக்கும். ஆனால், கட்டியை விடத் தூளுக்குப் பரப்பு பல மடங்கு அதிகம். அந்தத் தூள் சேர்வதும் ஆழ்கடலில் அல்ல; நீர் மாறாமல் தேங்கும் கழிமுகத்திலும் ஓடையிலும் கரைக் குட்டையிலும்தான். மீனும் இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கும் இடங்களும் அவையே.

இரும்பின் கதை வேறு. கம்பியை உருவி விற்றாலும், லின்டல் துண்டிலும் உடைந்த தூணிலும் கொஞ்சம் தங்கிவிடும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதன் குளோரைடு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பை விட அதிக இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்துச் சிதறும். மிச்சமாகிற முறுக்கிய கம்பி, மணலுக்குள் பாதி புதைந்தபடி, கரைவலையைக் கிழிக்கவும் ஃபைபர் படகின் அடியைக் கீறவும் காலைக் குத்தவும் காத்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் இழை, ஈயம் கலந்த பழைய பெயின்ட், பிளாஸ்டிக் துணுக்கு ஆகியவற்றை அலை அரைக்குமே தவிர அழிக்காது.

கரையை நம்பி வாழும் உயிர்களுக்கு இந்தக் குவியல் ஒரு சுவர். மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆலிவ் ரிட்லி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரைகளில் ஏறி, முக்கால் முழத்துக்கு மேல் ஆழம் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுப் போகும். அதன் துடுப்புக் கால்கள் மணலை மட்டுமே தோண்ட வல்லவை. கல்லும் கம்பியும் தட்டுப்பட்டால் திரும்பிவிடும், அல்லது அலை எட்டும் இடத்திலேயே முட்டையிட்டு இழக்கும். கரைமேட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் ரப்பிஷுக்குக் கீழே மூச்சுமுட்டி மடியும். அவை போனால் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்க வேறு யாரும் இல்லை. புயல் அலையின் முதல் அடியை வாங்குவது அந்த மேடுதான்.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு. அவை அற்பமானவையும் அல்ல. கடல் அரிக்கும் இடத்தில் கல் கொட்டுவது அரசே செய்கிற வேலைதானே என்பது முதலாவது. அலைத்தடுப்புக்குப் போடும் பாறை எடை பார்த்து, அளவு பார்த்து, அடியில் மணல் உறிஞ்சப்படாமல் வடிகட்டி அடுக்கு வைத்துப் போடப்படுகிறது. அப்படிப் போட்டும் பக்கத்துக் கரை அரிபடுவதுண்டு. ரப்பிஷில் எடையும் இல்லை, அடுக்கும் இல்லை. இங்கிலாந்தில், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் நொறுங்கிய லிவர்பூல் பகுதிக் கட்டடங்களின் இடிபாட்டை 1942 முதல் கிராஸ்பி, ஹைடவுன் கரையில் அலைக்குத் தடுப்பாகக் கொட்டினார்கள். எண்பது ஆண்டுகள் கடந்தும் அங்கே செங்கற்கள் முனை மழுங்கி, கூழாங்கற்களாக உருண்டு கிடக்கின்றன; செதுக்கிய கல் தூண்களின் துண்டுகளைக்கூட அடையாளம் காணலாம். மண்ணோடு மண்ணாகிவிடும் என்பவர்களுக்கு இதைவிட நீண்ட பரிசோதனை தேவையில்லை.

கான்கிரீட் போட்டால் மீன் சேருமே, செயற்கைப் பவளத்திட்டு என்று நம் கடலிலேயே இறக்குகிறார்களே என்பது இரண்டாவது வாதம். உண்மைதான். ஆனால், அவை அதற்கென்றே வார்த்த, துளைகள் விட்ட, இடம் தேர்ந்து இறக்கிய வடிவங்கள். கழிவையே திட்டாக்கினால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் புளோரிடா காட்டியது. 1970களில் அங்கே சுமார் இருபது லட்சம் பழைய டயர்களை மீன்களுக்கு வீடு என்று சொல்லிக் கடலடியில் போட்டார்கள். கட்டிய பட்டைகள் துருப்பிடித்து அறுந்து, டயர்கள் அலையில் புரண்டு, பக்கத்திலிருந்த இயற்கைப் பவளத்தை நொறுக்கின. 2007இல் ராணுவ முக்குளிப்பாளர்களை இறக்கி அவற்றை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. போடுவது மலிவு, எடுப்பது செலவு. அடையாறு ஓடையும் அதே பாடம்தான். இடிபாடும் குப்பையும் மேடாகிக் கிடந்த 58 ஏக்கர், அவற்றை அள்ளி, நீர்வழி தோண்டி, கன்று நட்ட பிறகே 2011இல் தொல்காப்பியப் பூங்காவாக மீண்டது.

மூன்றாவது வாதம்தான் கனமானது: நகரம் இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது, வேறு எங்கே கொட்டுவது? 2020 ஜனவரியில் கொச்சி மரடில் கடலோர விதியை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடி வளாகங்கள் நீதிமன்ற உத்தரவுப்படி தகர்க்கப்பட்டபோது, இரண்டே நாளில் குவிந்த இடிபாடு எழுபதாயிரம் டன்னுக்கும் மேல். ஆனால், இந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்புவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டு கட்டுமானக் கழிவு விதிகளே, கான்கிரீட், செங்கல், மண், இரும்பு, மரம் என்று தரம் பிரிக்கக் கூறின. அரசு, உள்ளாட்சிப் பணிகளில் பத்து முதல் இருபது விழுக்காடு மறுசுழற்சிப் பொருளைப் பயன்படுத்தவும் கூறின. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 383 அதே ஆண்டு திருத்தப்பட்டு, இடிபாட்டை அரைத்த ஜல்லியைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில்கூட ஒரு வரம்புக்குள் கலக்க அனுமதித்தது. டெல்லி புராரியில் 2009 முதலே ஆலை ஓடுகிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் வந்துவிட்டன. ஜப்பான் தன் கான்கிரீட் கழிவில் ஏறத்தாழ முழுவதையும் மறுபடி பயன்படுத்துகிறது.

ஆக, குறை தொழில்நுட்பத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. தேக்குக் கதவோ இரும்புக் கம்பியோ கடற்கரையில் கொட்டப்படுவதில்லை, அவற்றுக்கு விலை இருப்பதால். அரைத்த இடிபாட்டை அரசு ஒப்பந்தங்கள் தவறாமல் வாங்கினால், ஆலை வரை கொண்டுபோகும் லாரி வாடகை இடிப்புச் செலவிலேயே சேர்ந்தால், ரப்பிஷும் அந்த வரிசைக்கு வந்துவிடும். கரையில் கொட்டுவது இன்று மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அதன் செலவை வேறு யாரோ கட்டுகிறார்கள்: வலை கிழிந்த மீனவர், கரை இழந்த குப்பம், பின்னால் அள்ளப்போகும் மாநகராட்சி. வீட்டை இடிக்கக் கொடுப்பவர்கள் கதவுக்கும் கம்பிக்கும் பேரம் பேசும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: மிச்சம் எந்த ஆலைக்குப் போகிறது, ரசீது எங்கே? ரசீது கையில் வரும்வரை இடிப்புக் கணக்கை முடிக்காதீர்கள்.