பச்சோந்திக் குஞ்சை வீட்டில் வளர்க்கலாமா?



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பனியன் கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு என் வீட்டிற்கு வந்தான். பெட்டியின் மேற்புறத்தில் ஆணியால் குத்திய துளைகள். உள்ளே ஒரு துண்டுச் சிவப்புப் பனியன் துணி. அதன்மேல், வாலையும் சேர்த்து என் நடுவிரல் நீளமே உள்ள ஒரு பச்சோந்திக் குஞ்சு. காங்கயத்திற்கு அருகே மாமாவின் தோட்டத்து வேலியில் முந்தின நாள் பிடித்தானாம்.

"சார், செவப்புத் துணி மேல விட்டு ஒரு நாள் ஆச்சுங்க. இன்னும் செவப்பா மாறலீங்க. தக்காளி வெச்சேன், திங்கலீங்க. இதை எப்படீங்க வளர்க்கறது?"

குஞ்சு சிவக்கவில்லை, கறுத்திருந்தது. கண்மேடுகள் உள்வாங்கியிருந்தன. அவன் கேட்டவற்றுக்கு விடை கண்டால், அந்தக் கறுப்பின் பொருளும் நமக்கு விளங்கும்.

ஒடக்கான் வேறு, பச்சோந்தி வேறு

நம் பக்கத்தில் ஒடக்கான் என்று சொல்லும் ஓணானும் நிறம் மாறக்கூடியதே. ஆகவே பலர் இரண்டையும் ஒன்றென எண்ணுகிறார்கள். ஓணான் விரைந்து ஓடும். பச்சோந்தியோ காற்றில் ஆடும் இலையைப் போல் முன்னும் பின்னும் அசைந்து மெல்ல நடக்கும். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கிபோல் கிளையைப் பற்றும். கண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சுழலும். உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. இந்தியாவில் இருப்பது ஒரே ஓர் இனந்தான். இலங்கையிலும் அதே இனத்தைக் காணலாம்.

அதற்கு நஞ்சு உண்டு என்று அஞ்சிக் கல்லெறிபவர்கள் இருக்கிறார்கள். பச்சோந்திக்கு நஞ்சு கிடையாது.

துணியின் நிறமும் தோலின் நிறமும்

திருப்பூர் மாணவர்களுக்குச் சாயத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சிவப்புச் சாயம் ஏற்றிய துணி, வெள்ளொளியில் உள்ள பிற நிறங்களை உறிஞ்சிக்கொண்டு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. பச்சோந்தியின் தோலிலும் இத்தகைய நிறமிகள் உள்ளன. ஆனால் அவை மட்டுமல்ல.

2015ஆம் ஆண்டில் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாரும் இயற்பியலாரும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்தார்கள். அதன் தோலணுக்களில் குவானின் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. படிகங்கள் நெருங்கியிருந்தால் குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளி பிரதிபலிக்கிறது. மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. விலங்கு கிளர்ச்சியுற்றதும் படிகங்கள் விலகுகின்றன. அப்போது நீண்ட அலைநீளமுள்ள மஞ்சளும் சிவப்பும் வெளிப்படுகின்றன. சோப்புக் குமிழியில் நிறங்கள் தோன்றுவதும் இதற்கு உறவான செயலே.

இந்த மாற்றத்தை நடத்துவது கீழே விரித்த துணி அன்று. விலங்கின் உடல்நிலையும் மனநிலையும். குளிர்ந்த காலையில் வெயிலை அதிகம் உறிஞ்சுவதற்காகக் கறுக்கும். எதிரியைக் கண்டாலும் கறுக்கும். இரவில் உறங்கும்போது வெளிறிவிடும். சிவப்புத் துணியின்மேல் இருந்த அந்தக் குஞ்சு தன் அச்சத்தைத்தான் நிறத்தால் சொல்லிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் என்ன குறை?

முதலாவது வெப்பம். பச்சோந்தி தன் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கிக் காத்துக்கொள்வதில்லை. வேலியில் இருக்கும்போது வெயிலுக்கு ஒரு கிளை, நிழலுக்கு ஒரு கிளை என்று மாறிக்கொள்ளும். பெட்டிக்குள் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே வெப்பநிலை.

இரண்டாவது நீர். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு கனசதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் பரப்பு நாலில் ஒரு பங்காகும்; கனஅளவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது, கனஅளவோடு ஒப்பிட்ட பரப்பு இரண்டு மடங்காகிறது. ஆகவே பெரிய பச்சோந்தியைவிடக் குஞ்சு விரைவில் சூடாகும், விரைவில் உலரும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் அது அறிந்து குடிப்பதில்லை. இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிப்பதே அதன் வழக்கம். உள்வாங்கிய கண்கள் நீர்க்குறைவின் அடையாளம்.

மூன்றாவது ஒளி. எலும்பு உறுதிப்பட கால்சியம் வேண்டும். கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலில் படும்போது அது உண்டாகிறது. சாதாரணச் சன்னல் கண்ணாடி இக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டிக்குள் பளிச்சென்று வெயில் அடித்தாலும் குஞ்சுக்குப் பயனில்லை. வளரும் எலும்புகள் மென்மையாகி வளையும்.

நான்காவது உணவு. அது உண்பது தக்காளி அன்று. உயிருள்ள, அசையும் பூச்சி. நாக்கைச் சுற்றியுள்ள தசை, உள்ளே இருக்கும் மீள்தன்மையுள்ள உறைகளை அமுக்கி ஆற்றலைச் சேமிக்கிறது. வில்லிலிருந்து அம்பு பாய்வதுபோல் நாக்கு பாய்கிறது. குஞ்சுக்கு மிகச் சிறிய பூச்சிகள் நாள்தோறும் பலமுறை வேண்டும். பள்ளிக்குச் செல்லும் மாணவனால் அத்தனை பூச்சிகளை எங்கிருந்து கொண்டுவர முடியும்?

அயல்நாடுகளில், கூண்டிலேயே பிறந்த ஏமன் நாட்டு இனத்தை வளர்ப்போர் உண்டு. வலைக்கூண்டு, புற ஊதா விளக்கு, வெப்ப விளக்கு, நீரைச் சொட்டவிடும் கருவி, கால்சியத் தூள் தூவிய பூச்சிகள் என ஒரு சிறு ஆய்வுக்கூடமே அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அப்படியிருந்தும் குஞ்சுகள் இறப்பதுண்டு. ஒரு கிளுவை வேலி இவ்வளவையும் செலவில்லாமல் தருகிறது.

சட்டமும் நம் கடமையும்

நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்ட விலங்கு. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். இதைச் சொன்னதும் அந்த மாணவனின் முகம் வாடிவிட்டது. பெட்டியைத் திறந்து, இலையுள்ள கிளை ஒன்றை நிழலில் வைத்து, குஞ்சு தானாக ஏற விட்டோம். இலைகளின்மேல் நீரைத் தெளித்தோம். சிறிது நேரம் கழித்து அது ஒரு துளியை நக்கியது. மெல்லப் பச்சை திரும்பியது.

"நஞ்சராயன் குளத்துல விட்டுடலாமுங்களா?" என்று கேட்டான். அந்தக் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பூச்சி எங்கே, நிழல் எங்கே என்று குஞ்சுக்குப் பழகிய இடம் மாமாவின் வேலியே. பறவைகள் நிறைந்த புதிய இடத்தில் விடுவது உதவியாகாது. அன்று மாலையே எடுத்த வேலியில் கொண்டுபோய் விட்டோம்.

உங்களுக்கும் இப்படி நேரலாம். சாலையைக் கடக்கும் பச்சோந்தியைக் கண்டால், வண்டி வராதபோது ஒரு குச்சியை அதன்முன் நீட்டுங்கள், பற்றிக்கொள்ளும். அது சென்றுகொண்டிருந்த திசையில் உள்ள வேலியில் விடுங்கள். வாயைத் திறந்து உணவையோ நீரையோ புகட்டாதீர்கள். அடிபட்டிருந்தால் பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

காங்கயம், தாராபுரம் வட்டாரத்துக் கொரங்காடுகளில் மாடுகள் மேய்கின்றன. வெள்வேல மரங்கள் நிழல் தருகின்றன. சுற்றிலும் கிளுவை வேலி இருக்கிறது. அந்த வேலியை வெட்டிவிட்டுக் கம்பி கட்டினால், பச்சோந்திக்குப் பற்றுவதற்குக் கிளை இல்லை, தின்பதற்குப் பூச்சி இல்லை. உங்கள் வீட்டில் கம்பிவேலி போடும் பேச்சு வந்தால், கிளுவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்த மாணவன் இப்போது விடுமுறைகளில் மாமாவின் தோட்டத்திற்குக் குறிப்பேடும் வெப்பமானியும் எடுத்துச் செல்கிறான். பச்சோந்தி கண்ணில் பட்டால், பத்தடி தள்ளி நின்று நேரம், வெப்பநிலை, தோலின் நிறம் மூன்றையும் எழுதுகிறான். நீங்களும் அப்படி ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். காலைக் கறுப்பு எத்தனை மணிக்குப் பச்சையாகிறது? மேகமூட்டமான நாளில் அந்த நேரம் மாறுகிறதா? விடையை வேலியே சொல்லும்.